கட்டளைக்குக் காத்திருக்கும் டி.என்.ஏ.

டி.என்.ஏ. இழைகளைக் கொண்டு நானோ அளவில் ஓர் உருவம் கட்டுவதற்கான செய்முறை இன்றைக்கு ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். வேண்டிய வரிசையில் எழுத்துகள் அமைந்த இழைகளைத் தயாரித்துத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன, சொல்லி வாங்கிக்கொள்ளலாம். மக்னீசியம் உப்பு கலந்த கரைசலில் அவற்றை ஒன்றாகப் போட்டு, சிறு பிளாஸ்டிக் குழாயை 90 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, பிறகு மெதுவாக ஆறவிட வேண்டும். வெப்பம் இறங்க இறங்க ஒவ்வோர் இழையும் தன் இணையைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். அறை வெப்பத்துக்கு வரும்போது ஒரே மாதிரியான உருவங்கள் கோடிக்கணக்கில் அந்தக் குழாய்க்குள் மிதந்துகொண்டிருக்கும்.

என்ன கட்டுவது என்பது இழைகளில் எழுதப்பட்டிருக்கிறது. எப்போது கட்டுவது, கட்டலாமா வேண்டாமா என்பது எங்கும் எழுதப்படவில்லை. அதை முடிவு செய்வது சூடேற்றும் கருவியும் அதை முடுக்கிவிடும் ஆராய்ச்சி மாணவரும்தான். உயிருள்ள செல்லுக்குள் இப்படி யாரும் சூடாக்கி ஆறவைப்பதில்லை. அங்கே செல்லின் எலும்புக்கூடான ஆக்டின் இழைகளும் நுண்குழாய்களும் மாறாத வெப்பத்திலேயே நீள்கின்றன, கலைகின்றன, வேறிடத்தில் மறுபடி முளைக்கின்றன. ஒரு சமிக்ஞை வந்தால் ஒரு பக்கம் வளர்ச்சி. இன்னொன்று வந்தால் நிறுத்தம். கட்டுமானப் பொருளும் கட்டளை கொடுக்கும் வேதியியலும் அங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

டி.என்.ஏ. நானோ தொழில்நுட்பத்தில் கடந்த இருபதாண்டுகளாக நடந்துவரும் ஒரு முயற்சி இந்த இடைவெளியைப் பற்றியது. மூலக்கூறுகளுக்குள்ளேயே தர்க்கத்தைப் புகுத்தி, கட்டுமானத்தை அதன் பொறுப்பில் விட முடியுமா? இதற்கு இரண்டு வழிகளில் விடை தேடியிருக்கிறார்கள். கட்டுமானத்தின் வாசலில் ஒரு கணக்குச் சுற்றை நிறுத்தி, அது அனுமதித்தால் மட்டுமே வேலை தொடங்கும்படி செய்வது ஒரு வழி. கட்டும் செயலையே கணக்கிடும் செயலாக மாற்றிவிடுவது மற்றொன்று. முதலாவது பார்த்தவுடன் புரியும், மருத்துவக் கனவுகளுக்கும் நெருக்கமானது. இரண்டாவதுதான் ஆழமானது என்று எனக்குப் படுகிறது.

கட்டடமும் கணக்கும்

நேட்ரியன் சீமன் படிகவியலாளர். மூலக்கூறுகள் படிகமாகச் சேர மறுப்பது அவருக்கு அன்றாடத் தலைவலி. 1980இல் ஆல்பனி நகரப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த மதுக்கூடத்தில் இருந்தபோது டச்சு ஓவியர் எஷரின் ‘ஆழம்’ என்ற அச்சோவியம் மனத்தில் வந்ததாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அதில் மீன்கள் மேலும் கீழும் முன்னும் பின்னுமாக ஒழுங்கான வரிசையில் மிதக்கின்றன. ஒவ்வொரு மீனையும் ஆறு கைகள் கொண்ட டி.என்.ஏ. சந்தியாகப் பார்த்தால், அவற்றை ஒட்டி ஒட்டி ஒரு சட்டகம் கட்டலாமே என்று தோன்றியது. 1982இல் இந்த யோசனையைக் கட்டுரையாக்கினார். 1991இல் அவருடைய குழு டி.என்.ஏ. விளிம்புகள் கொண்ட கனசதுரம் செய்தது. 1998இல் எரிக் வின்ஃப்ரீயுடன் சேர்ந்து தட்டையான டி.என்.ஏ. படிகங்களை வளர்த்துக் காட்டினார்கள். 2006இல் பால் ராத்மண்ட், எம்13 என்ற வைரஸின் ஏழாயிரத்துச் சொச்சம் எழுத்துகள் நீண்ட ஒற்றை இழையை இருநூறுக்கு மேற்பட்ட சிறு இழைகளால் மடித்துத் தைத்து, சுமார் 100 நானோமீட்டர் அகலத்தில் சிரிக்கும் முகம் வரைந்தார். டி.என்.ஏ. ஒரிகாமி என்ற பெயர் அதிலிருந்து பரவியது.

இவ்வளவும் சாத்தியமானதற்கு டி.என்.ஏ.வின் அடங்கிய குணம்தான் காரணம். தடிமன் 2 நானோமீட்டர், எழுத்துக்கு எழுத்து 0.34 நானோமீட்டர், சுருள் ஒரு முழுச் சுற்று முடிக்க ஏறக்குறைய 10.5 எழுத்து. புரதம் எப்படி மடியும் என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. டி.என்.ஏ. எப்படி இணையும் என்பதைக் காகிதத்திலேயே கணித்துவிடலாம்.

கணக்கின் கதை வேறொரு வாசல் வழியாக உள்ளே வந்தது. 1994இல் லென் ஏடில்மன், ஏழு புள்ளிகளை ஒரே ஒருமுறை தொட்டுச் செல்லும் வழியைக் கண்டுபிடிக்கும் கணிதச் சிக்கலை டி.என்.ஏ. கொண்டு தீர்த்தார். ஆய்வகத்தில் ஏழு நாள் வேலை. காகிதத்தில் பென்சிலால் ஒரு நிமிடத்தில் தீரக்கூடிய சிக்கல் அது. கோடானு கோடி மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் கணக்கிடுவதால் டி.என்.ஏ. சிலிக்கனை வென்றுவிடும் என்று அப்போது நிறையப் பேசினார்கள். அந்தப் பேச்சு நிலைக்கவில்லை, நிலைத்திருக்கவும் முடியாது. எண்ணை விடையாகத் தரும் போட்டியில் டி.என்.ஏ. தோற்கும். பொருளையே விடையாகத் தரும் வேலையில் அதற்குப் போட்டியே கிடையாது. இது மெல்லத்தான் விளங்கியது.

இழை இழையைத் தள்ளும் கலை

நிஜமான கருவி 2000ஆம் ஆண்டில் கிடைத்தது. பெல் ஆய்வகத்தில் பெர்னார்ட் யர்க், ஆண்ட்ரூ டர்பர்ஃபீல்ட் முதலியோர் டி.என்.ஏ.வால் ஒரு சிறிய இடுக்கி செய்தார்கள். ஓர் இழையை ஊற்றினால் மூடும், இன்னோர் இழையை ஊற்றினால் திறக்கும். இதன் உள்ளே நடக்கும் காரியம்தான் பின்னால் வந்த மூலக்கூறு தர்க்கம் முழுவதற்கும் அடிப்படை. ஆகவே சற்று நின்று பார்க்கலாம்.

இரண்டு இழைகள் இணைந்திருக்கின்றன. ஆனால் ஒன்று மற்றதைவிட நீளம், அதன் ஓரத்தில் ஐந்தாறு எழுத்துகள் துணையின்றி நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இந்த வெற்று ஓரத்தைப் பிடிப்பு முனை என்று சொல்லலாம். மூன்றாவதாக ஓர் இழை வருகிறது. நீண்ட இழைக்கு முழுமையான இணை அதுதான். முதலில் பிடிப்பு முனையில் தொற்றிக்கொள்கிறது. பிறகு ஓரெழுத்து உள்ளே, ஓரெழுத்து வெளியே என்று பழைய துணையோடு இழுபறி நடக்கிறது. இதற்கு எந்தத் திட்டமும் இல்லை; வெப்பத்தின் நடுக்கத்தில் முன்னும் பின்னுமாக நகரும் தற்செயல் நடைதான். நெரிசலான பேருந்தில் இருக்கையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் முதலில் இருந்தவரை எழுப்பிவிடுவதைப் பார்த்திருப்போம். அதேதான். பழைய இழை கழன்று கரைசலில் மிதக்கத் தொடங்குகிறது. அப்படி விடுபட்டது இன்னோர் இடத்தில் இன்னோர் இழையை எழுப்பலாம்.

இதில் வியப்பு பிடிப்பு முனையின் நீளத்தில் இருக்கிறது. அது அறவே இல்லாவிட்டாலும் இந்த இழை இடப்பெயர்ச்சி நடக்கும், ஆனால் ஆமை வேகத்தில். முனையை ஆறு எழுத்து வரை நீட்டினால் வேகம் ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு கூடுகிறது. ஒரு வேதி வினையின் வேகத்தை எழுத்துகளை எண்ணியே நிர்ணயிக்க முடிகிறது என்பது வேதியியலாளருக்குக் கிடைக்காத வரம். பிடிப்பு முனையை இன்னோர் இழையால் மூடி வைத்தால் வினை நின்றுவிடும், திறந்தால் ஓடும். சுவிட்ச் தயார்.

2006இல் ஜார்ஜ் சீலிக், டேவிட் சோலோவெய்ச்சிக், டேவிட் யூ ஜாங், வின்ஃப்ரீ நால்வரும் நொதிகள் எதுவுமின்றி இதைக் கொண்டே லாஜிக் கேட்களைச் செய்தார்கள். அவர்களுடைய ‘ஆண்ட்’ கேட்டில் மூன்று இழைகள் பின்னியிருக்கும். முதல் உள்ளீடு தன் பிடிப்பு முனையில் ஏறி ஒரு பகுதியைக் கழற்றுகிறது. அப்போதுதான் இரண்டாவது உள்ளீட்டுக்கான பிடிப்பு முனை வெளியே தெரிகிறது. இரண்டாவதும் வந்து சேர்ந்தால்தான் விடை இழை விடுபடும். ஒன்று மட்டும் வந்தால் கேட் பாதி திறந்தபடி நிற்கும், விடை வராது. 2011இல் லூலூ சியெனும் வின்ஃப்ரீயும் இதை எளிமையாக்கி, 130 இழைகள் கொண்ட ஒரு சுற்று நான்கு பிட் எண்ணின் வர்க்கமூலத்தைக் கணக்கிடும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். கணக்கு முடிய மணிக்கணக்கில் ஆகும்.

இந்தச் சுற்றுகளில் விடை எப்படித் தெரியும்? கடைசி இழை விடுபட்டதும் ஒரு சாயம் ஒளிரும். கருவி அந்த ஒளியை அளக்கும். கணக்கு அத்தோடு முடிந்தது. இத்தனை பாடுபட்டு ஒரு மூலக்கூறை விடுவித்துவிட்டு, அதை வெறும் விளக்காகப் பயன்படுத்துவதில் எப்போதும் ஒரு வீணடிப்பு இருந்தது. விடுபட்ட இழை ஒரு கட்டடத்தின் முதல் கல்லாக ஏன் இருக்கக் கூடாது?

வாசலில் ஒரு காவல்

இந்தத் திசையில் முதல் பெரிய அடி 2008இல் கால்டெக்கில் எடுத்துவைக்கப்பட்டது. பெங் யின், ஹாரி சோய், நைல்ஸ் பியர்ஸ் முதலியோர் கொண்டை ஊசி போலத் தன்மீதே மடங்கிய இழைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றும் தனக்குள் முடங்கியிருப்பதால் சும்மா இருக்கும்போது ஒன்றோடொன்று சேராது. தூண்டும் இழை வந்து முதலாவதைத் திறந்தால், அது இரண்டாவதைத் திறக்கும், இரண்டாவது மூன்றாவதை. கிளை விரியும் மரங்கள், சந்திகள், இரு கால்களால் நடக்கும் சிறு இழை என்று பலவற்றை ஒரே இலக்கணத்தில் செய்து காட்டினார்கள். சூடேற்றி ஆறவைக்கும் படி மறைந்துபோயிற்று.

நம் கேள்விக்கு நேரடியாக விடை சொன்னது 2013இல் வந்த சோதனை. டேவிட் யூ ஜாங், ரிசல் ஹரியாடி, ஹாரி சோய், வின்ஃப்ரீ நால்வரும் எடுத்துக்கொண்ட கட்டுமானப் பொருள் பழையதுதான்: இரண்டு சுருள்கள் பக்கவாட்டில் இணைந்து, நான்கு மூலைகளிலும் ஒட்டு முனைகள் கொண்ட டைல். சாதாரணமாக இந்த டைல்கள் சேர்ந்து தட்டையாகப் பரவ முயன்று, வளைந்து, நீண்ட குழாயாக மூடிக்கொள்ளும். சாயம் ஏற்றிய குழாய்கள் ஒளிர் நுண்ணோக்கியில் மெல்லிய நூல்களாகத் தெரியும்.

இவர்கள் செய்த மாற்றம், ஒட்டு முனைகளைக் காப்பு இழையால் மறைத்து வைத்தது. காப்புள்ள டைல்கள் கரைசலில் எத்தனை இருந்தாலும் ஒன்றோடொன்று சேர வழியில்லை. காப்பைக் கழற்ற ஒரு வினையூக்கி இழை வேண்டும். அது டைலின் மேல் ஏறி, இடப்பெயர்ச்சி வினைகள் சில நடந்தேறி, ஒட்டு முனை வெளிப்படும். கடைசிப் படியில் வினையூக்கி முழுதாக விடுபட்டு அடுத்த டைலுக்குப் போய்விடும். ஆகவே ஒரு வினையூக்கி இழை பல டைல்களைத் திறக்க முடிகிறது. அந்த வினையூக்கியை வெளியே விடுவதா வேண்டாமா என்பதை முன்னால் நிற்கும் இன்னொரு டி.என்.ஏ. சுற்றிடம் ஒப்படைத்தார்கள். கரைசலின் வெப்பத்தை மாற்றவே இல்லை. சமிக்ஞை வந்ததும் 10 மைக்ரோமீட்டருக்கும் மேல் நீளமான குழாய்கள் தாமாக வளர்ந்தன.

இழை இடப்பெயர்ச்சி, டைல் இரண்டுமே அப்போது தேர்ந்த கலைகள். இரண்டையும் ஒட்டுவதில் என்ன சாதனை என்று கேட்கத் தோன்றும். இவை கேட்பது நேரெதிரான நிலைமைகளை என்பதில்தான் கஷ்டமே இருக்கிறது. கட்டுமானம் சமநிலையை விரும்புகிறது. தவறான இடத்தில் ஒட்டிய டைல் மறுபடி கழன்று வர வேண்டும். அதற்கு உருகு வெப்பத்தை ஒட்டியே வேலை நடக்க வேண்டும். மெதுவாக ஆறவிடுவதன் ரகசியம் இதுதான். தர்க்கமோ சமநிலைக்கு எதிரி. கேட் திறக்காமல் தாங்கி நிற்க வேண்டும், பள்ளத்தில் உருளத் துடிக்கும் வினையைக் கட்டளை வரும்வரை பிடித்து வைக்க வேண்டும். எல்லாம் சமநிலைக்கு வந்துவிட்டால் கேட் என்று ஒன்று மிஞ்சாது.

பிடித்து வைத்தது ஒழுகவும் செய்யும். இத்துறையினர் இதைக் கசிவு என்கிறார்கள். இரட்டைச் சுருளின் ஓரங்கள் வெப்பத்தில் ஓயாமல் நொடிப் பொழுது திறந்து மூடிக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளியில் அழைப்பில்லாத இழை நுழைந்துவிடும். இழைகளின் தயாரிப்பும் காரணம். வேதி முறையில் எழுத்து எழுத்தாகச் சேர்க்கும்போது ஒவ்வொரு சேர்க்கையும் 99.5 சதவீதம் சரியாக நடந்தாலும், 100 எழுத்து இழைகளில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் முழுதாக வரும். மீதியில் எங்காவது ஓரெழுத்து குறைந்திருக்கும். குறையுள்ள காப்பு இழை காவலைச் சரியாகச் செய்வதில்லை.

விளக்கு எரியும் சுற்றில் கசிவு மங்கலான பின்னொளி மட்டுமே, கழித்துக்கொள்ளலாம். கட்டுமானத்தில் கதை வேறு. டைல்களின் செறிவு ஒரு வரம்பைத் தாண்டாதவரை குழாய் முளைக்காது. இந்த வகையில் இயற்கையே ஒரு வரம்பு கேட்டை இலவசமாகத் தருகிறது, சில்லறைக் கசிவை அது விழுங்கிவிடும். ஆனால் வரம்பைத் தாண்டிவிட்டால், சமிக்ஞையால் தாண்டியதா கசிவால் தாண்டியதா என்று வளர்ச்சி விசாரிப்பதில்லை. காத்திருக்க வேண்டிய நேரம் நீளமானால், பொறுமையாகச் சேர்ந்த கசிவே தீர்ப்பு எழுதிவிடும். சுற்றில் கேட்கள் கூடக் கூட இந்த அபாயமும் கூடும். வாசலில் காவல் வைக்கும் வழியின் உச்சவரம்பு இங்கேதான் இருக்கிறது.

கலைப்பதற்கும் ஒரு வழி வேண்டுமல்லவா? எலிசா ஃபிராங்கோவின் குழு 2019இல் வெளியிட்ட சோதனையில், செயற்கையாக அமைத்த குறுமரபணுக்கள் ஆர்.என்.ஏ.வை உற்பத்தி செய்கின்றன. அந்த ஆர்.என்.ஏ. ஒட்டு முனைகளைப் பிடித்துக்கொள்ளும்போது குழாய்கள் உடைகின்றன. நொதி அந்த ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும்போது டைல்கள் விடுபட்டுக் குழாய்கள் மறுபடி வளர்கின்றன. தானே ஏறி இறங்கும் ஒரு மூலக்கூறு அலையியற்றியையும் இதோடு பொருத்திப் பார்த்தார்கள். செல்லின் எலும்புக்கூடு செய்யும் வேலைக்கு இதுவரை வந்ததில் இதுவே மிக அருகில் நிற்கிறது. நொதிகளுக்கும் எரிபொருளுக்கும் இதில் செலவுண்டு, கழிவும் சேர்ந்துகொண்டே போகும். அதற்கு விதிவிலக்கு எந்த உயிருக்கும் கிடையாது.

வளர்வதே கணக்கு

இரண்டாவது வழியின் வேர் கணிதத்தில் இருக்கிறது. 1961இல் ஹாவ் வாங், நான்கு ஓரங்களிலும் நிறம் தீட்டிய சதுர டைல்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்: ஒரே நிறங்கள் மட்டுமே ஒட்ட வேண்டுமென்றால், கொடுத்த டைல்களால் முடிவில்லாத தளத்தை நிரப்ப முடியுமா என்று சொல்ல ஒரு பொதுவழி உண்டா? இல்லை என்று 1966இல் ராபர்ட் பெர்கர் நிரூபித்தார். காரணம், அந்த டைல்கள் எந்தக் கணினியின் வேலையையும் நடித்துக் காட்டவல்லவை. டி.என்.ஏ. டைலின் ஒட்டு முனைகளே அந்த நிறங்களாக இருக்கலாம் என்று கண்டவர் வின்ஃப்ரீ. 1998இல் கால்டெக்கில் அவர் சமர்ப்பித்த முனைவர் ஆய்வேடு இதைப் பற்றியதுதான். ஒரு டைல் இடம்பிடிக்க இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை வெப்பநிலையைக் கொண்டு அமைத்தால் போதும். ஒவ்வொரு புது டைலும் தன் இரு அண்டை டைல்களைப் படித்து ஒரு முடிவெடுக்கிறது. கேட் தனியாக இல்லை, செங்கல்லே கேட்.

பக்கத்துக் கட்டத்தை மட்டும் பார்த்து வளரும் விதிகளிலிருந்து பெரிய வடிவம் பிறப்பது சென்னைக்கும் பழக்கமான சிந்தனைதான். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களை வரிசை இலக்கணங்களால் விவரித்து 1974இல் கட்டுரை எழுதினார்கள். ராணி சிரோமணி பின்னர் கே. ஜி. சுப்பிரமணியன், வி. ஆர். டேர் ஆகியோருடன் சேர்ந்து வட்ட டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் முறைகளின் கணிதத்தை 1992இல் எழுதினார், ஏடில்மனின் சோதனைக்கு இரண்டாண்டு முன்னதாக. இந்தத் துறையின் வரலாறு சொல்லப்படும்போது இந்தக் கட்டுரைகள் அபூர்வமாகவே நினைவுகூரப்படுகின்றன.

ஆய்வகத்தில் இந்த அழகு எளிதில் பிடிபடவில்லை. 2000இல் செங்டே மாவோ, சீமன் குழுவினர் எக்ஸ்-ஆர் என்ற சிறு தர்க்கக் கணக்கு ஒன்றைச் செய்தார்கள். 2004இல் ராத்மண்ட், நிக் பாபடாகிஸ், வின்ஃப்ரீ மூவரும் முக்கோணத்துக்குள் முக்கோணமாக விரியும் சியர்பின்ஸ்கி வடிவத்தை டைல்களால் வளர்த்தார்கள். அணுவிசை நுண்ணோக்கிப் படத்தில் வடிவம் தெரிந்தது, பிழைகளும் தெரிந்தன. நூற்றுக்கு ஒன்றிலிருந்து பத்து டைல்கள் வரை தப்பு. ஒரு டைல் தவறினால் அதைப் படித்து வரும் அடுத்தடுத்த டைல்கள் அந்தத் தவறையே உண்மையாக எடுத்துக்கொண்டு நேர்மையாக வளரும்.

அடுத்த பதினைந்தாண்டு பெரும்பாலும் பிழை திருத்தத்தில் போனது. ஒரு தகவலைப் பல டைல்கள் சேர்ந்து தாங்கும்படி செய்தார்கள். ஒன்று தவறாக ஒட்டினால் பக்கத்திலும் தவறு நேர்ந்தால்தான் அது நிலைக்கும், இல்லாவிட்டால் கழன்றுவிடும். கண்ட இடத்தில் முளைப்பதைத் தடுக்க, விதை ஒன்று இருந்தால் மட்டுமே வளரும் டைல்களை வடிவமைத்தார்கள். அந்த விதை பெரும்பாலும் ஓர் ஒரிகாமி. உள்ளீட்டை அதன் ஓரத்தில் எழுதிவிடுவார்கள்.

பலன் 2019இல் கிடைத்தது. டேமியன் வுட்ஸ், டேவிட் டோட்டி, வின்ஃப்ரீ முதலியோர் 355 ஒற்றை இழை டைல்கள் கொண்ட தொகுதி ஒன்றைச் செய்தார்கள். அதிலிருந்து வேண்டியவற்றை மட்டும் எடுத்துக் கலந்தால் ஒரு நிரல். வேறு சிலவற்றைக் கலந்தால் வேறு நிரல். ஆறு பிட்களில் 21 விதமான சுற்றுகள்: வரிசைப்படுத்தல், மூன்றால் வகுபடுமா என்று பார்த்தல், முன்னும் பின்னும் ஒன்றாகவே வாசிக்கும் வரிசையைக் கண்டறிதல், 63 வரை எண்ணுதல், சமமில்லாத நாணயத்தைச் சுண்டிச் சமமான தீர்ப்பு பெறுதல். பிழை 3,000 டைல்களுக்கு ஒன்றுக்கும் கீழே. இந்தக் கணக்குகளில் ஒன்றுகூட யாருக்கும் அவசரமாகத் தேவைப்படுவதில்லை. ஆனால் ஒரே பொருள் கூட்டம், வெளியிலிருந்து வரும் சிறு தகவலைப் படித்து, வளரும்போதே தன் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பது இங்கே கேள்விக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது.

2024இல் வந்த சோதனை விதையையும் தூக்கி எறிந்தது. கான்ஸ்டன்டைன் எவன்ஸ், ஜாக்சன் ஓ’பிரையன், வின்ஃப்ரீ, சிகாகோ பல்கலைக்கழகத்தின் அரவிந்த் முருகன் ஆகியோர் 917 டைல்களை வடிவமைத்தார்கள். அதே டைல்கள் மூன்று வெவ்வேறு உருவங்களாகச் சேர முடியும். எந்த உருவம் வருவது என்பதை எந்தக் கட்டளை இழையும் சொல்வதில்லை. உள்ளீடு என்பது டைல்களின் செறிவு மட்டுமே. 30க்கு 30 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்துக்கு ஏற்ப ஒவ்வொரு டைலையும் கூட்டியோ குறைத்தோ ஊற்றினார்கள். அதிகமாக ஊற்றிய டைல்கள் எந்த உருவத்தில் அக்கம்பக்கமாக விழுகின்றனவோ, அந்த உருவம் முதலில் முளை விடுகிறது. முளைத்ததும் பொதுவான டைல்களைத் தின்று தீர்த்து மற்ற இரண்டையும் பட்டினி போடுகிறது. 150 மணி நேரம் மெல்ல மெல்ல ஆறவிட்டுப் பார்த்தபோது, பழக்கிய 18 படங்களும் உரிய வகையில் சேர்ந்திருந்தன.

எந்த மூலக்கூறும் இங்கே கேட்டாக வடிவமைக்கப்படவில்லை. படிகங்கள் முளைவிடும் சாதாரண இயற்பியலுக்குள்ளேயே நரம்பணு வலையைப் போன்ற ஒரு கணக்கு ஒளிந்திருந்தது. அதைப் படிக்கத் தக்கபடி டைல்களை அமைத்தார்கள், அவ்வளவுதான். இந்த வழி ஆழமானது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இந்தச் சோதனைதான் என் முதன்மைச் சான்று. முளைவிடுதல் முன்பு கசிவுக்குத் துணைபோகும் எதிரியாக இருந்தது. இங்கே அதுவே நீதிபதி.

பூட்டிய பெட்டிகள்

செய்தித்தாள்களில் அதிகம் அடிபடுவது இவை எதுவுமல்ல, ‘டி.என்.ஏ. ரோபோ’க்கள். 2009இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் மூடி திறக்கும் ஒரிகாமிப் பெட்டி செய்தார்கள். 2012இல் ஹார்வர்டில் ஷான் டக்ளஸ், ஐடோ பேச்லெட், ஜார்ஜ் சர்ச் மூவரும் 35 நானோமீட்டர் அகலமும் 45 நானோமீட்டர் நீளமும் கொண்ட அறுகோணப் பீப்பாய் ஒன்றைச் செய்தார்கள். அதற்கு இரண்டு பூட்டுகள். செல்லின் மேற்பரப்பில் உரிய புரதங்கள் இரண்டும் இருந்தால்தான் திறக்கும். உள்ளே ஒளித்து வைத்த எதிர்ப்பொருள் துண்டுகள் அப்போது செல்லைத் தொடும். நேர்த்தியான ஆண்ட் கேட். 2018இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் த்ராம்பின் என்ற உறைதல் நொதியைச் சுருட்டிய ஒரிகாமித் தாளுக்குள் வைத்து எலிகளுக்குச் செலுத்தி, புற்றுக்கட்டியின் ரத்தக் குழாய்களில் ரத்தத்தை உறையச் செய்தார்கள். பன்றிகளில் பாதுகாப்பையும் பார்த்தார்கள். அந்தத் தாளைத் திறந்தது நியூக்ளியோலின் என்ற ஒரே புரதம்.

இவற்றைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இங்கே தர்க்கம் கட்டுமானத்தை ஆளவில்லை, கட்டி முடித்த பெட்டியின் தாழ்ப்பாளைத்தான் ஆள்கிறது. உடம்புக்குள் வேலை செய்ததாக நிரூபிக்கப்பட்டவற்றில் தர்க்கம் எளிமையாகவும், தர்க்கம் சிக்கலானவற்றில் இடம் சோதனைக் குழாயாகவும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அடக்கமான நோக்கம் கொண்டவை நல்ல பலன் தந்திருக்கின்றன. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் படித்த யமுனா கிருஷ்ணன், பெங்களூரில் இருந்தபோது 2009இல் செய்த டி.என்.ஏ. சுவிட்ச் எதையும் கட்டுவதில்லை. செல்லுக்குள் போய், அங்கங்கே அமிலத்தன்மை எவ்வளவு என்று வடிவம் மாறிச் சொல்லும். உயிருள்ள செல்லுக்குள் ஒரு டி.என்.ஏ. கருவி நம்பகமாக இயங்கும் என்பதை அது காட்டியது.

செல்லுக்குள்ளோ ரத்தத்திலோ கட்டுமானமே நடக்க வேண்டுமென்றால் தடைகள் தெளிவானவை. ஆய்வகக் கரைசலில் மக்னீசியம் 12 மில்லிமோலார் அளவுக்கு இருக்கும், ரத்தத்தில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. டி.என்.ஏ.வைத் தின்னும் நொதிகள் எங்கும் உண்டு. விலை ஒரு காலத்தில் பெரிய தடையாக இருந்தது. 2017இல் ஹென்ட்ரிக் டீட்ஸின் குழு பாக்டீரியாக்களையும் வைரஸ்களையும் கொண்டு ஒரிகாமிக்கான இழைகளைத் தொட்டியில் உற்பத்தி செய்து காட்டிய பிறகு அந்தக் கவலை ஓரளவு குறைந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை உள்ளீடு. 917 டைல்களின் செறிவை மனிதர்கள் அளந்து ஊற்றினார்கள். ஒரு நோயாளியின் மாதிரியில் இருப்பது டைல்களல்ல, நூற்றுக்கணக்கான சிறு ஆர்.என்.ஏ.க்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில். அந்த அளவுகளை டைல் செறிவாக மொழிபெயர்க்கும் உறுப்பு 2013ஆம் ஆண்டுச் சோதனையிலேயே இருக்கிறது: காப்பிட்ட டைல், அதைத் திறக்கும் வினையூக்கி. குறிப்பிட்ட ஆர்.என்.ஏ. எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வேகத்தில் அதற்குரிய டைல் திறந்தால், நோயின் கையெழுத்து செறிவுப் படமாக மாறும்; முளைவிடும் போட்டி அதைப் படித்து ஓர் உருவத்தைக் கட்டும். இரண்டு வழிகளும் சேர வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். 2024ஆம் ஆண்டின் சோதனையில் டைல்கள் காப்பில்லாமல் திறந்தே இருந்தன, ஆகவே கசிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. காப்பிட்டுவிட்டால் ஒவ்வொரு டைலும் தன் வேகத்தில் ஒழுகத் தொடங்கும், ஒழுகும் வேகம் அதன் எழுத்து வரிசையைப் பொறுத்து மாறும். 150 மணி நேர ஆறவைத்தலில் அந்த ஒழுகல்கள் தாமே ஒரு படம் வரைந்துவிடும். ஆகவே முதலில் தேவைப்படுவது, ஒன்று சில மணி நேரத்திலேயே தீர்ப்புச் சொல்லும் டைல் தொகுதி. அல்லது ஒரு வாரமானாலும் வாய் திறக்காத காப்பு. முதலாவதற்கு முளைவிடும் வேகத்தைக் கூட்ட வேண்டும், ஆனால் வேகம் கூடினால் உருவங்களுக்கிடையே வேறுபாடு காணும் கூர்மை குறையும். இரண்டாவதற்கு இழைத் தயாரிப்பின் தூய்மை கூட வேண்டும், அது வேதியியலாளர்களின் கையில் இருக்கிறது.